ஒரு துணுக்கு முந்திரி



மொழிபெயர்ப்பு என் தொழில். மத்திய அரசின் சுற்றறிக்கைகளையும் அறிவிப்புகளையும் தமிழாக்கிக்கொண்டு பதினெட்டு ஆண்டுகளாகத் தில்லியில் வாழ்ந்து வருகிறேன். அலுவலகத்தில் ஒரு சொல்லுக்கு நேரான சொல் அகப்படாவிடில் அகராதியைப் புரட்டலாம். நாளைக்கென்று ஒத்திவைக்கவும் செய்யலாம். ஆனால், சொல் சரியாக அமையாமற் போனால் ஒரு குழந்தையின் உயிருக்கே ஊறு நேரும் என்பதை என் வீட்டில்தான் கற்றேன். தாயகம் விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்குப் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தினால் அந்த அனுபவத்தை இன்று கூற முற்படுகிறேன்.

எங்கள் மகளுக்கு இப்போது ஆறு வயது. இரண்டரை வயதில், தீபாவளியன்று, முந்திரி பர்பியில் ஒரு விள்ளல் தின்றாள். கால் மணி நேரத்திற்குள் உதடு வீங்கிற்று, மேனியெங்கும் தடிப்புகள் எழுந்தன, வாந்தியும் எடுத்தாள். மருத்துவர் தோலிலும் இரத்தத்திலும் சோதனைகள் செய்து பார்த்து, முந்திரியும் பிஸ்தாவும் இவளுக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்குகின்றன என்றார். இவ்விரண்டும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே, ஒன்று ஆகாதவர்க்கு மற்றதும் பெரும்பாலும் ஆகாது.

ஒவ்வாமை என்பது யாது? நோய்க் கிருமிகளை எதிர்த்துப் போரிடுவதற்கென நம் உடலில் ஒரு காவல் அமைப்பு உண்டு. சிலருடைய உடலில் இக்காவல் அமைப்பு, தீங்கற்ற உணவில் உள்ள புரதத்தைப் பகையென்று பிழையாகக் கருதிவிடுகிறது. அடுத்த முறை அவ்வுணவு உள்ளே புகும்போது ஹிஸ்டமின் முதலிய பொருள்களை அளவின்றிச் சுரக்கச் செய்து, காக்க வேண்டிய உடலையே தாக்குகிறது. பிரெஞ்சு அறிஞர்களான ரிஷே, போர்ட்டியே ஆகிய இருவரும் கடற்பிராணி ஒன்றின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தி ஆராய்ந்தார்கள். முதன்முறை தாங்கிக்கொண்ட நாய், சில வாரங்கள் கழித்து மிகச் சிறிய அளவு செலுத்தியபோதே மாண்டது. 1902 ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்தக் கண்டுபிடிப்புக்கு அவர்கள் இட்ட பெயர் ‘அனாஃபிலாக்சிஸ்’. இதன் பொருட்டு ரிஷேக்கு 1913 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது. ‘அலர்ஜி’ என்ற சொல்லை 1906 ஆம் ஆண்டில் ஆக்கியவர் வியன்னா நகர மருத்துவர் பிர்க்கே.

இதில் நாம் நெஞ்சில் இருத்த வேண்டியது, சிறிய அளவே போதும் என்னும் உண்மை. நம் பேச்சு வழக்கு இவ்வுண்மையை மறைத்துவிடுகிறது. ‘எனக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது’ என்கிறோம். பிறகு கொத்சு நன்றாயிருந்தால் இரண்டு கரண்டி வாங்கிக்கொள்கிறோம். ‘ஒத்துக்கொள்ளாது’ என்ற சொல்லில் அபாயம் இல்லை. இந்தியில் ‘பர்ஹேஜ்’ என்று சொல்லிப் பார்த்தோம். பத்தியம் என்று பொருள்பட்டது. பண்டிகை நாளில் பத்தியத்தைச் சற்றுத் தளர்த்தலாமே என்றார்கள். ‘அலர்ஜி’ என்றோம், அரிப்பு வரும், களிம்பு தடவினால் போகும் என்றார்கள். எல்லோரும் அன்பினால்தான் சொன்னார்கள். விருந்தோம்பலும் அன்பும் உணவின் வழியே நிகழும் நாட்டில், அன்பே அபாயமாக வந்து நிற்பது எத்துணைச் சங்கடம் என்பதைப் பட்டவரே அறிவர்.

இனி நான் சொல்லவிருப்பது என் தவறு. மகளுக்கு நான்கு வயது நிரம்பியிருந்தது. பொங்கலுக்காக என் தாயார் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். குழந்தைக்கு ஆகாது என்று நாங்கள் சொன்னதைக் கேட்டு, “ஒரு துணுக்கு முந்திரி குழந்தையை என்னடா செய்துவிடும்?” என்று வியந்தார். ஆயினும் எங்கள் மனம் கோணாதபடி, பேத்திக்கென்று முந்திரியில்லாத சர்க்கரைப் பொங்கலைத் தனியே ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தார். பெரியவர்களுக்காக முந்திரியை வறுத்து எடுத்த நெய்யில் ஒரு கரண்டியை மட்டும், மணத்திற்காக, அந்தக் கிண்ணத்தில் ஊற்றினார். நான் அருகிலேயே நின்றுகொண்டிருந்தேன். பருப்பு விழவில்லை என்று பார்த்தேனேயன்றி, நெய்யைப் பற்றி நினைக்கவில்லை.

பத்து நிமிடங்களில் இருமல் தொடங்கிற்று. பிறகு வாந்தி, மூச்சில் விசில் போன்ற ஓசை. இத்தகைய வேளைக்கென்று மருத்துவர் அட்ரினலின் மருந்துக் குப்பியும் ஊசியும் தந்து, போடும் முறையையும் கற்பித்திருந்தார். அது என் கையில் இருந்தது. ஊசி போட எனக்குத் துணிவு வரவில்லை. அரிப்பை அடக்கும் இனிப்பு மருந்தைப் புகட்டிவிட்டு, குறையும், குறையும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை வெளுத்துத் துவண்டாள். “இன்னும் எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?” என்று சொல்லி, என் மனைவி குப்பியை வாங்கி, உடைத்து, அளந்து, குழந்தையின் தொடையில் ஊசியைச் செலுத்தினாள். சில நிமிடங்களில் முகத்தில் நிறம் திரும்பிற்று. மருத்துவமனையில் அன்றிரவு முழுவதும் வைத்திருந்து மறுநாள் அனுப்பினார்கள். நான் வீணாக்கிய அந்தப் பதினைந்து நிமிடங்களை நினைத்தால் இன்றும் உறக்கம் கலைகிறது.

ஆதலால், இவ்வொவ்வாமை உள்ள குழந்தைகளின் பெற்றோர்க்குச் சில செய்திகளைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மூச்சுத் திணறலோ, ஓயாத இருமலோ, துவளுதலோ கண்டால் முதல் மருந்து அட்ரினலின். அரிப்புக்கான மருந்து தடிப்பைத் தணிக்கும், உயிரைக் காக்காது. ஊசியைத் தொடையின் நடுப்பகுதியில், வெளிப்புறத் தசையில் போடுதல் வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பது அளவு. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 0.15 மில்லிகிராம். உங்கள் குழந்தைக்கு உரிய அளவை மருத்துவரிடம் முன்னரே எழுதி வாங்கி, எடை கூடுந்தோறும் மாற்றிக்கொள்ளுங்கள். குழந்தையைப் படுக்க வையுங்கள். மூச்சு முட்டினால் உட்கார வைக்கலாம். எழுந்து நடக்க விடாதீர்கள். தணிந்தது போலத் தோன்றினாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சில மணி நேரம் கழித்து மீண்டும் தாக்குவதுண்டு. இம்மருந்து வெயிலையும் ஒளியையும் தாங்காது. 45 பாகை வெயில் காயும் தில்லிக் கோடையில் அதனை வண்டியிலோ சன்னலோரத்திலோ வைத்தல் கூடாது. உறைய வைத்தலும் கூடாது.

அடுத்தது சொற்கள். இடம் பெயர்ந்து வாழும் தமிழர்க்கு இஃது இன்றியமையாதது. கேரளத்தில் போய் ‘முந்திரி’ என்றால் திராட்சையைக் கொணர்வார்கள். நம் முந்திரிப் பருப்பு அங்கே அண்டிப்பருப்பு. கன்னட நாட்டில் அது கோடம்பி, தெலுங்கில் ஜீடிப்பப்பு, வடக்கில் காஜு. நிலக்கடலை ஆகாத குழந்தைகளும் பலர். கடலை இந்தியில் மூங்ஃபலி; மராட்டியில் சேங்கதாணே. கல்கத்தாவில் வெறும் ‘பாதாம்’ என்று சொன்னால் நிலக்கடலையையே குறிப்பது வழக்கம். அதனை வாதுமை என்று எண்ணி ஏமாறலாகாது. நீங்கள் வாழும் ஊரின் மொழியில், அவ்வெழுத்திலேயே, ‘இக்குழந்தைக்கு இன்னது கொடுக்காதீர்கள், கொடுத்தால் உயிருக்கு ஆபத்து’ என்று ஒரு சீட்டு எழுதி, பள்ளி ஆசிரியையிடமும் பேருந்து நடத்துநரிடமும் அண்டை வீட்டாரிடமும் கொடுத்து வையுங்கள்.

பொட்டலங்களில் விற்கும் உணவில் பால், முட்டை, நிலக்கடலை, மரக்கொட்டைகள் முதலியவை இருந்தால் அதனைக் குறிப்பிட வேண்டும் என்பது 2020 ஆம் ஆண்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விதிகளில் உள்ளது. அச்சிறு எழுத்துக்களைப் படியுங்கள். மிட்டாய்க் கடையில் நிறுத்துக் கொடுக்கும் இனிப்புக்கு அந்தக் காவல் கிடையாது. வட நாட்டுக் குருமாக்களிலும் பனீர்க் குழம்புகளிலும் முந்திரி அரைத்த விழுதாக மறைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

எங்கள் மேல்வீட்டில் பஞ்சாபி மூதாட்டி ஒருவர் இருக்கிறார். ‘மாதாஜி’ என்றே குடியிருப்பு முழுவதும் அவரை அழைக்கும். எங்கள் மகளிடம் அவருக்கு உயிர். அந்தப் பொங்கலுக்குச் சில நாட்கள் கழித்து, குழந்தை தேறிவிட்டாள் என்று மகிழ்ந்து, தட்டு நிறைய இனிப்புடன் வந்தார். முன்பெல்லாம் நாகரிகம் கருதித் தட்டை வாங்கி ஒதுக்கி வைப்பது எங்கள் வழக்கம். அன்று என் மனைவி, “மாதாஜி, இவளுக்குக் காஜு ஜஹர்” என்றாள். ஜஹர் என்றால் நஞ்சு. அந்த அம்மையார் திடுக்கிட்டுத் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நான் பல மாதங்களாகத் தேடிய சொல் அதுவே. அகராதிப்படி பார்த்தால் பிழையான மொழிபெயர்ப்பு. கேட்டவர் மனத்தில் சரியான பொருளைக் கொண்டு சேர்த்தது அது ஒன்றுதான்.

குழந்தையிடம் மட்டும் அச்சொல்லை ஓயாது சொல்லி அவளை அச்சத்தில் வளர்க்கவில்லை. “அம்மாவைக் கேட்காமல் எதுவும் வாயில் போடமாட்டேன்” என்று சொல்லப் பழக்கியிருக்கிறோம். பிறந்தநாள் விழாக்களுக்கு அனுப்புகிறோம். அவளுக்குரிய தின்பண்டம் அவள் பையிலேயே இருக்கும், மருந்தும் உடன் இருக்கும். என் தாயார் இப்போது வரும்போதெல்லாம் அடுப்படியில் முதல் காவலர் அவரே. எந்தக் கரண்டி எதில் பட்டது என்று எங்களை வினவுகிறார்.

சென்ற தீபாவளிக்கு மாதாஜி மேல்வீட்டிலிருந்து ஒரு கூடை அனுப்பினார். திறந்து பார்த்தோம். தோல் உரிக்காத ஆரஞ்சுப் பழங்கள். வேறெதுவும் இல்லை. மகள் இரண்டைத் தானே உரித்துத் தின்றாள். நாங்கள் தடுக்கவில்லை.