வாசலைப் பார்க்கும் கண்கள்: என்வர் ஹோஜாவின் அல்பேனியா



என்னோடு வேலை செய்யும் அல்பேனியர் ஒருவர் இருக்கிறார். ஐம்பது வயதைத் தாண்டியவர். சாப்பாட்டு நேரத்தில் எதைப் பற்றியும் சத்தமாகக் கதைப்பார். தன் நாட்டுப் பழைய ஆட்சியைப் பற்றிக் கேட்டால் மட்டும் குரல் தணிந்துவிடும், கண் வாசலுக்குப் போகும். அந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

இத்தாலிக்கு எதிர்க்கரையில், கிரேக்கத்துக்கு வடக்கே இருக்கும் சிறிய மலைநாடு அல்பேனியா. அதை 1944 முதல் 1985இல் இறக்கும்வரை ஆண்டவர் என்வர் ஹோஜா. பிரான்சுக்குப் படிக்கப் போய்ப் பட்டம் பெறாமல் திரும்பி, பிரெஞ்சு மொழி ஆசிரியராக இருந்தவர். 1939இல் முசோலினியின் படை நாட்டைப் பிடித்தது. 1941இல் உருவான கம்யூனிஸ்ட் கட்சிக்கு அவர் தலைவரானார். மலைகளில் நின்று போராடியவர்கள் 1944 நவம்பரில் தலைநகர் திரானாவை மீட்டார்கள். அந்நியனை விரட்டியவர் என்ற பெயரோடுதான் அவர் ஆட்சிக்கு வந்தார்.

செய்த நல்லதையும் சொல்லவேண்டும். எழுத வாசிக்கத் தெரியாதவர்களே அதிகமாக இருந்த நாட்டில் பள்ளிக்கூடங்கள் வந்தன. 1970இல் எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் போய்ச் சேர்ந்தது.

ஆனால் அவருக்கு நண்பர்கள் நிலைக்கவில்லை. 1948இல் யூகோஸ்லாவியாவோடு முறிந்தார். 1961இல் சோவியத் ஒன்றியத்தோடும், 1978இல் சீனாவோடும் முறிந்தார். வெளியே ஒரு நண்பன் எதிரியானதும் உள்ளே துரோகிகளைத் தேடுவது வழக்கமாயிற்று. உள்துறை அமைச்சராக இருந்தவரே 1949இல் கொல்லப்பட்டார். 27 ஆண்டுகள் பிரதமராக இருந்த மெஹ்மெத் ஷெஹு 1981இல் இறந்தபோது தற்கொலை என்று அறிவித்தார்கள். பிறகு அவரை உளவாளி என்றார்கள். அவருடைய மனைவியையும் மகன்மாரையும் தண்டித்தார்கள்.

1967இல் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் மூடப்பட்டன. வெளிநாட்டுக் கடன் வாங்குவதை 1976ஆம் ஆண்டு அரசியலமைப்பு தடைசெய்தது. சாதாரண மக்கள் சொந்தமாகக் கார் வைத்திருக்க முடியாது. எதிரி படையெடுத்து வருவான் என்று சொல்லி நாடெங்கும் வயலிலும் கடற்கரையிலும் கொங்கிறீட் பதுங்குகுழிகளைக் கட்டினார்கள். அவற்றின் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கும் மேல். படையெடுத்து யாரும் வரவில்லை.

நேயர்களே, அந்த ஆட்சியைத் தாங்கி நின்றது கொங்கிறீட் அல்ல, குடும்பம். ஒருவர் குற்றவாளி என்றால் அவருடைய சகோதரம், பிள்ளை, மருமக்கள் எல்லோருக்கும் கறுப்புப் புள்ளி விழும். பல்கலைக்கழகம் இல்லை, நல்ல வேலை இல்லை. பல குடும்பங்களைத் தூரக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். சம்பந்தம் செய்யவும் ஆட்கள் பயந்தார்கள். சிகுரிமி என்ற இரகசியப் பொலிஸ் அயலவர்களையும் உறவினர்களையும்கூடத் தகவல் சொல்ல வைத்தது.

திரானா வானொலி உலகத்துக்குப் பல மொழிகளில் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. நாட்டுக்குள்ளேயோ, அந்நிய நிலையங்களைக் கேட்பது ஆபத்து. என் நண்பரின் தகப்பனார் இரவில் அன்ரெனாவைத் திருப்பி இத்தாலியத் தொலைக்காட்சி பார்ப்பாராம். விடிவதற்குள் பழையபடி திருப்பிவிடுவார். “வெளியில் வாய் திறக்காதே” என்பதுதான் வீட்டில் நண்பர் படித்த முதல் பாடம். அப்படியிருந்தும் ஒருநாள் தகப்பனாரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் ஆறு ஆண்டுகள் சிறையில் இருந்தார்.

1991 பெப்ரவரி 20இல் திரானாவில் ஹோஜாவின் சிலையை மக்கள் கயிறு கட்டி இழுத்து விழுத்தினார்கள். அடுத்த மாதம் ஆயிரக்கணக்கானோர் கப்பல் ஏறி இத்தாலியின் பிரிண்டிசித் துறைமுகத்துக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் என் நண்பர். அதே ஆண்டு ஓகஸ்டில் வ்லோரா என்ற கப்பலில் ஏறக்குறைய 20,000 பேர் பாரி துறைமுகத்தில் போய் இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலானோரை இத்தாலி திருப்பி அனுப்பிவிட்டது.

சிகுரிமியின் கோப்புகளைப் பாதிக்கப்பட்டவர்கள் பார்க்க 2015இல் ஒரு சட்டம் வந்தது. “நீங்கள் தகப்பனாரின் கோப்பைக் கேட்டீர்களா?” என்று ஒருநாள் விசாரித்தேன். அவர் வாசலைப் பார்த்தார்.

“மனுப் படிவம் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அன்ரெனா கதை எங்கள் வீட்டுக்குள் மட்டும்தான் தெரியும். சொன்னது யார் என்று அதில் எழுதியிருக்கும். அம்மா உயிரோடு இருக்கும்வரை நான் அதைத் திறக்கமாட்டேன்” என்றார்.

ஹோஜா இறந்து நாற்பது ஆண்டுகளாகிவிட்டன. அந்தப் படிவம் இன்னும் லாச்சிக்குள்தான் இருக்கிறது.