சிறு கொப்புளமும் பெரு நஞ்சும்



சென்ற விடுமுறையில் என் தம்பியின் முழங்காலில் ஒரு கொப்புளம் கண்டது. "கொப்புளந்தானே" என்று நானே அதை நசுக்கிவிட்டேன். மூன்றாம் நாள் கால் வீங்கிக் காய்ச்சலும் வந்தது. நுண்ணுயிரியல் படிப்பவன் செய்த வேலை அது! அன்று நான் மறந்ததையே இன்று பேச வந்தேன்.

1880ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் அபடீன் நகரத்துச் சத்திரவைத்தியர் அலெக்சாந்தர் ஒக்ஸ்ரன், சீழை நுணுக்குக்காட்டியிற் பார்த்தார். உருண்டைக் கிருமிகள் கொத்துக்கொத்தாகத் தோன்றின. திராட்சைக்குலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு 1882இல் 'ஸ்ரபிலோகொக்கசு' எனப் பெயரிட்டார். இவற்றுட் பொன்னிற வகை, நலமுள்ளோர் பத்துப் பேரில் ஏறக்குறைய மூவரின் மூக்கிலே தீங்கின்றிக் குடியிருக்கிறது. தோல் கீறுண்டால் உள்ளே புகுகிறது.

புகுந்த கிருமி நஞ்சுகளைச் சுரக்கிறது. அல்பா நஞ்சின் ஏழு மூலக்கூறுகள் வட்டமாகக் கூடி, நம் கலத்தின் மென்சவ்விலே துளையிடுகின்றன. ஓட்டைக் குடம்போலக் கலம் அழிகிறது. வேறொரு நஞ்சு, நம்மைக் காக்க ஓடிவரும் வெண்குழியங்களையே உடைக்கிறது. அவற்றினுள்ளிருந்த நொதியங்கள் சிந்தி, அயலிலுள்ள நல்ல இழையத்தையும் கரைக்கின்றன. காவலன் கைவாளே வீட்டாரை வெட்டுவது போலாம் இது.

இன்னொரு நஞ்சு, மேற்றோற் கலங்களைப் பிணைக்கும் புரதத்தை அறுக்கிறது. குழந்தையின் மூக்கிலோ தொப்புளிலோ சிறு புண்தான் இருக்கும். நஞ்சு இரத்தத்தோடு சென்று, வெந்நீர் பட்டாற்போல் உடலெங்கும் தோலை உரிக்கும். அக்கொப்புளங்களின் நீரிலே பெரும்பாலும் கிருமியே இராது! கிருமி ஓரிடம், கேடு வேறிடம். ஆதலாற் புண்ணின் அளவைக் கொண்டு ஆபத்தை அளக்கலாகாது.

நுண்ணுயிர்கொல்லி மருந்து கிருமியைக் கொல்லும். முன்னமே நஞ்சு அழித்த இழையத்தை மீட்டுத்தராது. கடுமையான நோயிலே வைத்தியர்கள் கிளின்டமைசின் போன்ற மருந்தையும் சேர்ப்பது, கிருமி நஞ்சு செய்வதையே தடுப்பதற்காக. எனவே காலமே முதல் மருந்து.

தோழர்களே, கொப்புளத்தை நசுக்காதீர்கள். சீழும் நஞ்சும் ஆழத்துக்குத் தள்ளப்படும். கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். ஒருவர் துவாயை மற்றவர் பாவிக்க வேண்டாம். சிவப்பு விரைந்து பரவினாலும், புண்ணுக்கு மிஞ்சிய நோவு இருந்தாலும், காய்ச்சல் கண்டாலும், குழந்தையின் தோல் உரிந்தாலும் அன்றே ஆசுபத்திரிக்குச் செல்லுங்கள். நீரிழிவுள்ள பெரியோர்கள் சிறு புண்ணையும் அசட்டை செய்யலாகாது.

என் தம்பி சுகமடைந்தான். முழங்காலில் வடு மட்டும் நிற்கிறது. அதைக் காணுந்தோறும் என் கை கூசுகிறது. உங்கள் வீட்டில் அப்படியொரு வடு வேண்டாம்.