சலீம் அலியின் சிட்டு

மும்பையில் சிறுவன் சலீம் அலி ஏர்கன்னால் ஒரு சிட்டைச் சுட்டு வீழ்த்தினான். கழுத்தில் மஞ்சள் தீற்றல். என்ன பறவை என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மாமா, மும்பை இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கிருந்த மில்லார்டு என்பவர் பறவையின் பெயரைச் சொல்லி, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் காட்டினார். அந்தச் சிறுவனே பின்னாளில் நாட்டின் தலைசிறந்த பறவையியலாளர்.

இன்று ஒரு பையன் அப்படிச் சுட்டால்? வனத்துறை வீடு தேடி வரலாம்!

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பது துப்பாக்கியோடு முடிவதில்லை. கண்ணி வைப்பது, பிடிப்பது, விரட்டுவது, முட்டையையோ கூட்டையோ சிதைப்பது எல்லாமே வேட்டைதான். அதேபோல் தாராவியிலோ மாட்டுங்காவிலோ கூண்டில் பச்சைக்கிளி வளர்ப்பவரும் சட்டத்தின் பிடியில் வருகிறார். "தெரியாமல் செய்துவிட்டேன்" என்பது நீதிமன்றத்தில் எடுபடாது.

சட்டமும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 2022 திருத்தம் உயிரினங்களைப் பட்டியலிடும் அட்டவணைகளை ஆறிலிருந்து நான்காகச் சுருக்கியது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பழைய பட்டியலை நம்புகிறவர் ஏமாறுவார்.

சட்டம் நினைவில் இருக்க வேண்டிய இடம் ஒன்று மும்பையிலேயே உண்டு. செம்பூரை அடுத்த மாகுல் கரைக்குப் பூநாரைகள் கூட்டமாக வருகின்றன. தானே கழிமுகத்தின் ஒரு பகுதி 2015-லேயே பூநாரைச் சரணாலயமாகிவிட்டது. படம் எடுக்கப் போகிறவர்கள் கல்லெறிந்து அவற்றைப் பறக்கவிட வேண்டாம். அடிபட்ட பறவையோ விலங்கோ கண்ணில் பட்டால் மகாராஷ்டிர வனத்துறையின் 1926 எண்ணுக்குச் சொல்லுங்கள்.