தூர்ந்த கிணறும் திருவருளும்



நாளைக் காலையில் எம்பெருமான் அம்மையாரோடு எழுந்தருளித் தீர்த்தமாடப் போகின்றார். கொடியேற்றம் முதலாக நிகழ்ந்த விழாக்கள் யாவும் ஐந்தொழிலைக் குறிப்பன என்பதும், அவற்றுள் அருளலைக் குறிப்பது தீர்த்தம் என்பதும் பெரியோர் கொள்கை. அருளுக்கு அடையாளமாக நம் முன்னோர் பொன்னைக் கொள்ளவில்லை, மணியைக் கொள்ளவில்லை, நீரையே கொண்டனர். அதன் காரணத்தை இன்றிரவு சிறிது சிந்திப்போம். திருக்கோயிற் கேணியைப் பற்றியல்ல, நம் வீட்டு வளவில் உள்ள கிணற்றைப் பற்றியே பேசக் கருதுகின்றோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத நதி எதுவும் இல்லை. மாரியில் மட்டும் நீரோடும் வழுக்கையாறு உண்டு. கோடையில் அது வெறுந்தரை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வானம் வழங்குவதே நமக்கு ஆண்டு முழுவதற்குமான செல்வம். அம் மழைநீர் மண்ணில் இறங்கிக் கீழேயுள்ள சுண்ணக்கல்லின் வெடிப்புக்களிலும் குகைகளிலும் தங்குகின்றது. அதற்கும் கீழே இருப்பது கடலின் உவர்நீர். உவரின்மேல் நன்னீர் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. கடல்மட்டத்திற்கு மேல் ஓரடி உயரத்திற்கு நன்னீர் நிற்குமாயின், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் ஆய்வோர் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால், காலப்போக்கில் கீழேயிருந்து 40 அடி உவர் ஏறிவரும். கீரிமலையிலே அலைகடலின் அருகே நன்னீர் சுரப்பதைக் கண்டு நாம் கைகூப்புகின்றோம். அந்த அற்புதத்தின் ஒரு துளியே நம் ஒவ்வொருவர் கிணற்றிலும் இருக்கின்றது.

1990ஆம் ஆண்டிலே வலிகாமம் வடக்கில் எத்தனையோ குடும்பங்கள் ஊரைவிட்டு அகன்றன. போர் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிந்த பின்னரும், காணிகள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகப் பகுதிக்கு மக்கள் மீண்டது 2017ஆம் ஆண்டு யூலை மாதத்தில். இவ்வாறு கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பிரிந்திருந்து மீண்டவர்கள் கண்டது என்ன? வீடிருந்த இடத்தில் வீடில்லை. வேலியில்லை, எல்லையில்லை. பற்றையும் வடலியும் மூடிய காட்டிலே தம் வளவு எதுவென்று அறியாது திகைத்தனர் பலர். அந்நிலையில் எல்லை காட்டியது எது? கிணறு. பற்றையை வெட்டிச் செல்லுகையிலே கத்தி கல்லிற்பட்டு ஒலிக்கும். கொடியை விலக்கினால் வட்டமான கட்டுத் தோன்றும். துலா இராது, ஆடுகால் முறிந்து கிடக்கும். ஆயினும் தாத்தா கட்டிய கிணறு தன் இடத்திலே நிற்கும். “இங்கே கிணறு, ஆகவே அங்கே அடுப்படி, அதற்கப்பால் மாமரம்” என்று முதியவர்கள் அதனை நடுவாக வைத்தே வளவை அளந்து கொண்டனர். வீடு அழிந்தது, நீர் காத்திருந்தது.

அன்பர்களே, அக் கிணற்றை இனி என் செய்வது என்பதே கேள்வி. “குழாய்க்கிணறு அடிப்போம், இதனை மூடிவிடுவோம்” என்பார் ஒருவர். “இடிந்த வீட்டின் கல்லையும் மண்ணையும் கொட்டி நிரப்புவோம்” என்பார் மற்றொருவர். “புதிய வீட்டின் மலசலகூடத்திற்கு ஆயத்தமாகவே ஒரு குழி கிடைத்தது” என்று மகிழ்வாரும் உளர். இவர்களுக்கு விடை கூற நாம் திருவாரூருக்குச் செல்லவேண்டும்.

தண்டியடிகள் நாயனாரை நீங்கள் அறிவீர்கள். பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். திருவாரூர்த் திருக்குளம் இடங்குறைந்து தூர்ந்து போயிற்று என்று கேட்டு, அதனைத் தாமே தோண்டுவதென்று துணிந்தார். குளத்தினுள்ளே ஒரு தறி. கரையிலே ஒரு தறி. இரண்டினையும் இணைத்துக் கயிறு. அக் கயிற்றைத் தடவிச் சென்று மண்ணை வெட்டிக் கூடையில் எடுத்து, மீண்டும் தடவி வந்து கரையில் கொட்டினார். அயலார் எள்ளினர், தடுத்தனர், கயிற்றையும் தறியையும் பறித்தனர். இறைவன் அவருக்குக் கண்ணளித்தது பின்னர். அவர் மண் சுமந்தது முன்னர். இதனை நாம் ஊன்றி நோக்கவேண்டும். கண் பெற்றால் தோண்டுவேன் என்று அவர் சொல்லவில்லை. தாம் காணாத குளத்தை, தமக்குப்பின் வருவோர் காணும்பொருட்டுத் தோண்டினார்.

நம் தோட்டத்துக் கிணற்றை வெட்டியவர் யார்? கற்பாறையை உடைத்தவர் கை எது? பெரும்பாலும் நமக்குத் தெரியாது. அவரும் நம்மைக் கண்டதில்லை. நாம் அருந்துவோம் என்று எண்ணி அவர் வெட்டினார். அவருக்கும் நமக்கும் இடையே உள்ள கயிறு அந்தக் கிணறே. அக் கயிற்றை அறுப்பதற்கு நமக்கு உரிமை உண்டா?

ஆகவே மூடாதீர்கள், துப்புரவு செய்யுங்கள். ஆனால் பக்தியோடு விவேகமும் வேண்டும். போர் நடந்த நிலத்திலே கைவிடப்பட்ட கிணற்றுக்குள் வெடிபொருள் கிடத்தல் கூடும். கிராம அலுவலருக்கு அறிவித்து, கண்ணிவெடி அகற்றுவோர் பார்த்த பின்னரே அதில் கைவைத்தல் வேண்டும். நெடுங்காலம் மூடிக்கிடந்த கிணற்றினுள்ளே உயிர்வளி குன்றி நச்சுவளி தங்கியிருத்தலும் உண்டு. இறங்கியவர் மயங்கி வீழ, அவரைத் தூக்க இறங்கியவரும் வீழ்ந்த துயரங்களை நாம் கேட்டிருக்கின்றோம். விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு எரிவதனால் மட்டும் எல்லா நச்சும் இல்லையென்று துணிதல் ஆகாது. தகுந்த கருவியும் பயிற்சியும் உடையோரைக் கொண்டே செய்வியுங்கள். சேற்றை அகற்றி, நீரை இறைத்து, குளோரின் இட்டு, பின் ஆய்வுகூடத்திற் சோதித்து அருந்துங்கள். நைத்திரேற்று என்னும் உப்பு ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பச்சிளங் குழந்தைகளுக்கு அது பெருந்தீங்கு. கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. நீர் வற்ற வற்ற மிகவே செய்யும்.

இனி, கிணற்றைக் கழிவுக் குழியாக்குவோருக்கு ஒரு சொல். வளவுக்கு வேலி உண்டு. வளவின் கீழுள்ள நீருக்கு வேலி இல்லை. சுண்ணக்கல்லின் வெடிப்பு வழியே உங்கள் கிணற்றில் விட்ட அழுக்கு அயலான் குழந்தையின் கிண்ணத்தை அடையும். நாளை தீர்த்தமாடும் கேணியையும் அடையும். சுவாமி தீர்த்தமாடும் நீரில் எவரேனும் அழுக்கைக் கொட்டினால் நாம் பொறுப்போமா? கேணிக்கு வரும் நீரும் கிணற்றுக்கு வரும் நீரும் ஒன்றேயாயின், கிணற்றைக் கெடுப்பதும் சிவாபராதமே.

மற்றொன்றும் கூறல் வேண்டும். நம் காணி உறுதிகளிலே கிணற்றுப் பங்கு எழுதுவது வழக்கம். ஒரு கிணற்றிற் பலர் பங்காளர்; முறைவைத்து இறைத்து வாழ்ந்தனர். அது நம் பெருமை. ஆனால் அதே ஊர்களிலே, சாதியின் பேரால் கிணற்றுக் கட்டில் கால்வைக்க ஒட்டாது, தூரத்தே குடத்தோடு காத்துநிற்கச் செய்யப்பட்டோரும் இருந்தனர். அது நம் சிறுமை. திங்களூரிலே அப்பூதியடிகள் தண்ணீர்ப்பந்தர் வைத்தார். தாம் அதுவரை கண்டிராத திருநாவுக்கரசர் பெயரையே அதற்கு இட்டார். அந்த வழியால் நடந்துவந்த அப்பர் பெருமானை அங்கே தடுத்து நிறுத்தி, “நீர் யார், எக்குலம்?” என்று கேட்டிருந்தால், அடியார் இருவர் சந்தித்த அப் புண்ணியம் நிகழ்ந்திருக்குமா? தாகத்தோடு வருபவர் அடியார் என்று கொள்வதே சைவம். பழங்கிணற்றைத் திருத்துகின்றபோது பழைய தீட்டையும் சேற்றோடு வாரி வெளியே கொட்டிவிடுவோம்.

நிறைவாக, தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு வருவோம். அருளுக்கு நீர் ஏன் அடையாளமாயிற்று? கிணறு வெட்டுபவன் நீரைப் படைப்பதில்லை, மறைப்பை நீக்குகின்றான். நீர் முன்னரே அங்குள்ளது. அவ்வாறே திருவருளும் உயிரோடு என்றும் உள்ளது. ஆணவ மலம் அதனை மறைத்து நிற்கின்றது. பாசி படர்ந்த நீரிலே கல்லெறிந்தால் பாசி விலகும். சிறிது நேரத்தில் மீண்டும் மூடும் என்று சித்தாந்த நூலோர் உவமை கூறுவர். ஆண்டிற்கொருமுறை திருவிழாவிலே உருகி நிற்கும் நம் நெஞ்சும் அத்தகையதே. ஒருநாள் விலகும், மறுநாள் மூடும். இறைக்கின்ற கிணறு தெளியும். இறையாத கிணறு பாசி பிடிக்கும். திருநீறு, திருவைந்தெழுத்து, திருமுறை, அடியார் தொண்டு ஆகியவை நாள்தோறும் இறைக்கும் பட்டைகள்.

நாளை தீர்த்தமாடி வீடு திரும்பியதும் ஒவ்வொருவரும் தத்தம் கிணற்றடிக்குச் செல்லுங்கள். கட்டிலே ஒரு விளக்கேற்றுங்கள். அதனருகே குப்பை கொட்டுவதில்லை, கழிவு விடுவதில்லை, தாகத்தோடு வந்தவரைத் திருப்பி அனுப்புவதில்லை என்று உறுதி கொள்ளுங்கள். வளவிலே தூர்ந்த கிணறு உள்ளோர் அதனைத் திருத்தும் பணியை இவ்வாண்டே தொடங்குங்கள். தனித்துச் செய்ய வசதியற்றோருக்கு அயலார் கைகொடுங்கள். அதுவும் திருக்குளத் திருப்பணியேயாகும்.

தண்டியடிகளுக்குக் கண்ணளித்த தியாகேசப் பெருமான் நம் அகக்கண்ணையும் திறந்தருள்வாராக.