என்ஜினுக்கும் ஓர் எல்லை



தையல் மிஷினை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சக்கரம் சுற்றும். ஊசி மேலும் கீழும் போய் வரும். கார் என்ஜினில் இது தலைகீழாக நடக்கிறது. அங்கே பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. அதனால் கிராங்க் ஷாஃப்ட் என்ற தண்டு சுற்றுகிறது. ஒரு நிமிடத்தில் தண்டு எத்தனை முறை சுற்றுகிறதோ, அதுதான் என்ஜினின் வேகம். சாலையில் வண்டி ஓடும் வேகம் வேறு.

மாருதி 800 கார் பலருக்கும் தெரியும். 1983 முதல் 2014 வரை ஹரியானாவில் உள்ள குர்கானில் தயாரானது. அதன் என்ஜினில் மூன்று பிஸ்டன்கள். ஒவ்வொன்றும் 72 மில்லிமீட்டர் தூரம் ஏறி இறங்கும். அதாவது நாலு விரல் அகலம்.

நிமிடத்துக்கு 6000 சுற்று என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 100 சுற்று ஆகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை நின்று திரும்ப வேண்டும். ஆக, ஒரே விநாடியில் 200 முறை!

அப்படித் திரும்பும்போது பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு இழுபடும். வேகம் இரண்டு மடங்கானால் இந்த இழுப்பு நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். தாங்க முடியாமல் போனால் ராடு உடையும்.

அடுத்தது வால்வு. வால்வு திறந்தால் காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும். இன்னொரு வால்வு வழியாகப் புகை வெளியே போகும். திறந்த வால்வை மூடுவது ஸ்பிரிங். வேகம் மிஞ்சினால் ஸ்பிரிங் ஈடுகொடுக்காது. வால்வு மூடத் தாமதமாகும். சில என்ஜின்களில் மேலே வரும் பிஸ்டன் அதில் மோதிவிடும்.

எல்லையை எப்படி முடிவு செய்கிறார்கள்? கிணற்றுக் கயிறு எங்கே நைந்திருக்கிறதோ, அங்கேதான் முதலில் அறும். என்ஜினும் அப்படித்தான். ஒவ்வொரு பாகமும் எவ்வளவு தாங்கும் என்று பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். எது முதலில் தோற்குமோ, அதை வைத்தே எல்லை. பிறகு என்ஜினை ஒரு மேடையில் பொருத்தி, மணிக்கணக்கில் ஓட்டிச் சோதிக்கிறார்கள். உடையும் வேகத்துக்குக் கீழேயே எல்லையைக் குறிக்கிறார்கள். பல கார்களில் அது மீட்டரில் சிவப்புக் கோடாகத் தெரியும்.

இன்றைய கார்களில் எல்லை வந்ததும் ஒரு கருவி பெட்ரோலை நிறுத்திவிடும். பிறகு ஏன் கவலை?

புணேயிலிருந்து மும்பை போகும் வழியில் கண்டாலா மலை இறக்கம் இருக்கிறது. வேகமாக இறங்கும் ஓட்டுநர், நான்காவது கியரிலிருந்து திடீரென்று இரண்டாவதற்கு மாற்றுகிறார். கிளட்சையும் விடுகிறார். இப்போது என்ஜினைச் சுற்றுவது பெட்ரோல் அல்ல, சக்கரங்கள்! பெட்ரோலை நிறுத்தியும் பயன் இல்லை. என்ஜின் எல்லை தாண்டும். வாடகைக் கார் ஓட்டுபவருக்கு அன்றோடு பிழைப்பும் நின்றுவிடும்.

இறக்கத்தில் சிறிய கியர் நல்லதுதான். நியூட்ரலில் விடவே கூடாது. ஆனால் முதலில் பிரேக் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். பிறகு ஒவ்வொரு கியராக இறக்குங்கள்.

என்ஜின் அலறினால் அது எச்சரிக்கை. காது கொடுத்துக் கேளுங்கள்.