விளைச்சலில் பள்ளியின் பங்கு



விருதுநகர் வணிகர்கள் விற்ற சரக்கில் மூட்டைக்கு இவ்வளவென மகமை ஒதுக்கினர். இல்லந்தோறும் பிடியரிசி எடுத்துவைத்தனர். 1889-இல் தோன்றிய சத்திரிய வித்தியாசாலைப் பள்ளி அவ்வாறே வளர்ந்தது. அதில் பயின்றவரே காமராசர். அவர் முதலமைச்சராயிருந்தபோது, 1958-இல், நம் திருவள்ளூரை அடுத்த கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிற்று. ஊரார் தம் பள்ளிக்குத் தாமே பொருள் ஈந்தனர்.

இன்றோ, கரும்பலகைக்கும் கும்மிடிப்பூண்டித் தொழிலக வாயிலில் கைகட்டி நிற்போர் உளர். ஈவோன் கை ஓங்கின், பள்ளியின் மொழியும் அவன் விருப்பப்படியே ஆகும். பொன்னேரி நெல்லில் மூட்டைக்கொரு படியும், பழவேற்காட்டு மீனில் கூடைக்கொரு காசும் ஒதுக்குவோம். வரவு செலவைப் பள்ளிச் சுவரில் தமிழில் எழுதிவைப்போம். நம் விளைச்சலால் நிற்கும் பள்ளியிலேயே நம் மொழி நிமிர்ந்து நிற்கும்!