பேசும் சுருளும் பழைய எறிகருவியும்



பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வழியில் உள்ள தோட்டமொன்றிலே, பழைய பங்களாவைத் திருத்தியபோது தகரப்பெட்டி ஒன்று அகப்பட்டது. தோட்டத்துப் பெரியவர்கள் அதனைக் கொணர்ந்து எங்கள் பாடசாலையில் ஒப்படைத்தனர். உள்ளே ஒன்பது படச்சுருள்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றின் மூடியிலே "பதுளை ஸ்டேஷன், 1976" என்று பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. 1964 ஆம் ஆண்டு ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேர் இந்தியாவுக்குச் செல்ல வேண்டியவர்களாகத் தீர்மானிக்கப்பட்டனர். ஊவாத் தோட்டங்களிலிருந்து சென்றவர்களுள் பலர் இந்தப் பதுளை நிலையத்திலேதான் வண்டியேறித் தலைமன்னாருக்குப் பயணமாயினர். அவ்வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் அழுகைக் கோச்சி என்பது.

அச்சுருளின் ஓரத்திலே மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று ஓடிற்று. அது காந்த ஒலிக்கோடு. படம் மட்டுமன்று, அன்றைய ஓசையும் அதிலே அடங்கியிருந்தது என்பது அதனால் விளங்கிற்று. ஒலியோடு படங்காட்டவல்ல பழைய எறிகருவி ஒன்றைத் தேடி நான் புறப்பட்டது இவ்வாறுதான்.

முதலில் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் ஒரு வியாபாரியிடம் கருவியைக் கண்டேன். விளக்கு எரிந்தது, சக்கரங்கள் சுழன்றன, "நன்றாக ஓடும் ஐயா" என்றார். அச்சொல்லை நம்பி வாங்கி வந்தேன். தோட்டத்து முதியவர்களை மண்டபத்தில் அமர்த்தி, பரீட்சித்துப் பாராமலே அந்தச் சுருளை ஓட்டினேன். ஒலி எழவில்லை. ஒரு நிமிடம் ஆவதற்குள், ஏதோ உராயும் ஓசை கேட்டு நிறுத்திவிட்டேன். சுருளை வெளியே எடுத்துப் பார்த்தால், ஓடிய பகுதி முழுவதும் நெடுக ஒரு கீறல். மூட்டை முடிச்சுகளோடு நின்ற பெண்களின் முகங்களுக்குக் குறுக்கே அக்கோடு செல்கிறது. அதனை இனி எவராலும் அழிக்க இயலாது. ஏனெனில் வீட்டுப் படங்களுக்குப் பெரும்பாலும் மறுபிரதி கிடையாது. கமராவினுள் ஓடிய சுருள்தான் திரைக்கும் வருகிறது.

ஆதலால், கருவியைத் தேடுமுன் உங்கள் கையிலுள்ள சுருள் எவ்வகையினது என்பதை அறிந்துகொள்ளுங்கள். கொடாக் கம்பனி 1923 இல் 16 மில்லிமீற்றர்ச் சுருளையும், 1932 இல் 8 மில்லிமீற்றர்ச் சுருளையும், 1965 இல் சுப்பர் 8 என்னும் சுருளையும் வெளியிட்டது. பின்னைய இரண்டும் ஒரே அகலமுடையவை; ஆயினும் சுப்பர் 8 இன் துளை சிறியது, ஒவ்வொரு படத்தின் நடுப்பக்கத்திலும் அமைந்தது. பழைய 8 இன் துளையோ பெரியது, இரு படங்களுக்கிடையில் அமைந்தது. ஒன்றுக்குரிய கருவியில் மற்றதை ஓட்டினால் துளைகள் கிழிந்துபோகும். 16 மில்லிமீற்றரிலும் ஓர் ஆபத்து உண்டு. பேசும் சுருளுக்கு ஒருபுறமே துளை. மறுபுறம் ஒலிக்குரிய இடம். பேசாப் படங்களுக்கென அமைந்த பழங்கருவியின் பற்சக்கரங்களிலோ இருபுறமும் பற்கள். அதில் பேசும் சுருளைப் பூட்டினால், பற்கள் ஒலிக்கோட்டின் மீதே துளையிட்டுச் செல்லும்.

ஒலியிலும் இருவகை உண்டு. ஒன்று ஒளியால் படிக்கப்படுவது. சிறு விளக்கொன்றின் கதிர் ஒலிக்கோட்டை ஊடுருவி ஒளிக்கலத்தில் விழ, அது மின்னாகி ஒலிபெருக்கிக்குச் செல்லும். மற்றது, எங்கள் சுருளில் இருந்தது போன்று, ஒலிநாடாவைப் போலக் காந்தத் தலையால் படிக்கப்படுவது. வாங்கும் கருவி இவற்றுள் எதனைப் படிக்கும் என்று கேட்டறிய வேண்டும். நான் அதனைக் கேட்கவுமில்லை.

படம் வாயிலிலே ஒவ்வொரு கணமும் நின்று நின்று நகர வேண்டும். ஒலித்தலையிலோ ஒரே சீராக ஓட வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே சுருள் தளர்ந்து ஒரு வளையமாக நிற்கிறது. தெமோதரையில் இருப்புப்பாதை வளைந்து சென்று தன் நிலையத்தின் கீழேயே நுழைகிறதே, அதனை நினைத்துக்கொண்டால் இவ்வளையத்தை மாணவர்களுக்கு எளிதில் விளக்கலாம். சுப்பர் 8 இல் ஒரு படத்துக்குரிய ஒலி 18 படங்களுக்கு முன்னதாகவே பதிந்திருக்கும். நொடிக்கு 18 படங்கள் ஓடினால் அது சரியாக ஒரு நொடி. வளையம் கூடினாலும் குறைந்தாலும் வாயசைவும் சொல்லும் ஒத்துவரா.

ஒலியின் தரத்தை அறியப் பேச்சைக் கேட்டுப் பயனில்லை. பேச்சு எத்தகைய குறையையும் மறைத்துவிடும். நாதஸ்வரம் அல்லது புல்லாங்குழல் நீண்டு ஒலிக்கும் பகுதியை ஓட்டச் சொல்லுங்கள். நீட்டிய சுரம் நடுங்கினால் உள்ளே வார் தளர்ந்திருக்கும், அன்றேல் பற்சக்கரமோ சுழல்சில்லோ பழுதுற்றிருக்கும். இறப்பர் வார்கள் நாட்பட்டால் இறுகும், சில வேளை தார் போல் உருகியும் கிடக்கும். பிளாஸ்டிக் பற்சக்கரங்களில் வெடிப்பு உண்டா என்று மூடியைத் திறந்து பார்ப்பதும் நன்று. மழையும் பனிமூட்டமும் மிகுந்த நம் மலைகளில் இருந்த கருவியாயின், வில்லையில் பூஞ்சணம் படர்ந்திருக்கக் கூடும்.

அமெரிக்காவிலிருந்து வந்த கருவிகள் 110 வோல்ற், 60 சுற்று மின்சாரத்துக்கென ஆக்கப்பட்டவை. நமது மின்சாரம் 230 வோல்ற், 50 சுற்று. மின்மாற்றி வோல்ற்றளவைத் திருத்துமேயன்றிச் சுற்றைத் திருத்தாது. சுற்றைப் பின்பற்றிச் சுழலும் மோட்டராயின், 24 படங்கள் ஓட வேண்டிய நொடியில் 20 தான் ஓடும். சிறுமியின் குரலும் பாட்டியின் குரலாகிவிடும். விளக்கையும் விசாரியுங்கள். மாற்று விளக்கு கிடையாத கருவி எவ்வளவு மலிவாயினும் வேண்டா.

இவற்றையெல்லாம் விட முக்கியமான பரீட்சை ஒன்று உண்டு. பயனற்ற சுருள் ஒன்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். கருவியில் ஐந்தாறு முறை ஓட்டியபின், வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒரு கீறலேனும் தெரிந்தால், வாயிலைத் துடைத்து மறுமுறை ஓட்டுங்கள். மறுபடியும் தெரிந்தால் வணக்கம் சொல்லி வந்துவிடுங்கள். எனது முதற் கருவியின் வாயிலிலே பழைய அழுக்கு கல்லாக இறுகிக் கிடந்தது. துடைப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை நான் செலவிடவில்லை.

சுருளையும் முகர்ந்து பாருங்கள். வினாகிரி மணம் வீசினால் அது சிதையத் தொடங்கிவிட்டது. சுருங்கிய சுருளைக் கருவியில் ஓட்டலாகாது; ஏனைய சுருள்களினின்றும் அதனைப் பிரித்து வைக்க வேண்டும். எங்கள் ஒன்பதில் இரண்டு அவ்வாறு தனியே இருக்கின்றன.

இரண்டாவது கருவியை இம்முறைப்படி பார்த்து வாங்க ஐந்து மாதமாயிற்று. நிலையத்துச் சுருளின் மீதிப் பகுதியை ஒருமுறை ஓட்டினோம். கார்ட்டின் விசில் கேட்டது. அதன்பின் ஒரு பெண்ணின் குரல்: "மாமா, எறங்குனதும் கடுதாசி போடுங்க." முதியவர்கள் மறுபடியும் போடச் சொல்லி வேண்டினர். எண்முறைப் பிரதி எடுத்தபின் எத்தனை முறையும் பார்க்கலாம், அதுவரை பொறுங்கள் என்றேன். சிலருக்கு என்மீது வருத்தந்தான். சுருள் வரும் வாரம் கொழும்புக்குப் போகிறது.